பிள்ளைகளின் ஆகாரமும் பெற்றோரின் பழக்கமும்

பயிர்த்தொழிலைப் பற்றியே எழுதிவரும் இப்பக்கங்களில் ஆகாரத்தைப் பற்றி எழுதுவானேன் என்று சிலர் வினவலாம். விளைவிப்பதன் பயன் உண்பதே. நம் நிலங்களை நாளை உழப்போகிறவர்களும், இன்று 13 முதல் 19 வயது வரையுள்ள நம் பிள்ளைகளே. ஆதலின் இவ்விஷயம் விவசாயிகள் அனைவரும் கவனிக்கற்பாலது.

நெற்பயிர் தூர்கட்டும் பருவத்தில் தழைச்சத்துக் குறைந்தால், கதிர் வந்தபின் எவ்வளவு உரமிட்டாலும் இழந்த தூர்கள் திரும்புவதில்லை. மனித தேகத்திற்கும் அத்தகைய பருவம் ஒன்று உண்டு. பிள்ளைகள் விரைந்து உயர்வதும், எலும்பின் பெரும்பகுதி உறுதிப்படுவதும், இரத்தத்திற்கு இரும்புச்சத்து மிகுதியாக வேண்டப்படுவதும் இப்பருவத்திலேயாம். 2019–21 ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுள்ள பெண்களில் 59 சதவீதத்தினருக்கும், ஆண்களில் 31 சதவீதத்தினருக்கும் இரத்தசோகை காணப்பட்டது.

சில காலத்திற்கு முன் ஒரு கிராமத்தில் கேழ்வரகு வயலொன்றைப் பார்வையிடச் சென்றிருந்தேன். விளைச்சல் செழிப்பாயிருந்தது, வரப்போரத்தில் முருங்கையும் தழைத்திருந்தது. ஆயின் அவ்விவசாயி தானியம் முழுவதையும் வியாபாரிக்குப் பேசிவிட்டார்; வீட்டிற்கென்று ஒரு படியும் நிறுத்தவில்லை. காலையில் அவர் டீக்கடையில் டீயும் பன்னும் முடித்துக்கொண்டார். அவர் மனைவியார் அதுவரை ஒன்றும் உண்ணவில்லை. 9 ஆம் வகுப்பில் படிக்கும் மகள் டீயும் இரண்டு பிஸ்கோத்தும் உட்கொண்டு பள்ளிக்குப் புறப்பட்டாள். "ஐயா, கூழ் குடி, கீரை தின் என்றால் கேட்கிறாளில்லை, தாங்களாவது புத்தி சொல்லக்கூடாதா?" என்றார் அவர். யான் என்ன சொல்வது? என் வீட்டிலும் அதே கதைதான். மகனைக் களி தின்னச் சொல்லிவிட்டு, காபி ஒன்றைக் குடித்து 6 மணிக்கே வெளியேறுகிறவன் யான்.

எங்கள் உத்தியோகத்தில் நாங்கள் கற்ற முதற்பாடம், பத்துப் பிரசங்கம் ஒரு ஏக்கர் செய்முறை வயலுக்கு ஈடாகாது என்பது. புதிய விதையைப் பற்றி எவ்வளவு எடுத்துரைப்பினும், பக்கத்து வயலில் கண்டபின்னரே விவசாயி நம்புகிறார். பிள்ளைகளும் அவ்வாறே. அவர்களுக்கு வீடே செய்முறை வயல். அதில் அவர்கள் காண்பவை மூன்று.

முதலாவது, வீட்டில் இருப்பது. அடுக்களையில் எது இருக்கிறதோ அதையே பிள்ளை உண்ணும். அதை நிரப்புகிறவர்கள் பெற்றோரே. 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து உண்டு. தீட்டிய அரிசியிலோ ஏறக்குறைய 10 மில்லிகிராம் அளவே.

இரண்டாவது, உண்ணும் வேளையும் முறையும். தகப்பனார் காலையில் உண்ணாவிடில் மகனும் உண்பதில்லை. தாயார் எல்லோருக்கும் பரிமாறிவிட்டு மிஞ்சியதை உண்டால், மகள் அதையே பெண்ணுக்குரிய ஒழுக்கமென்று கற்கிறாள். இரத்தசோகை பெண்களிடம் மிகுதற்கு மாதவிலக்கு ஒரு காரணம். இவ்வழக்கமும் அதற்குத் துணைபோகிறது.

மூன்றாவது, மதிப்பு. விருந்தினர் வரும்போது கம்பங்கூழ்ச் சட்டியை மறைத்து வைக்கும் வீட்டில், கூழ் இழிவானதென்று பிள்ளை முடிவு செய்வதில் வியப்பென்ன?

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் 1998–99 ஆம் ஆண்டில் 31 பள்ளிகளைச் சேர்ந்த 4,746 மாணவர்களைக் கொண்டு ஓர் ஆராய்ச்சி நடைபெற்றது. குடும்பத்தாருடன் அடிக்கடி கூடியுண்ட பிள்ளைகள் காய்களையும் பழங்களையும் அதிகமாகவும், இனிப்புப் பானங்களைக் குறைவாகவும் உட்கொண்டனர் என்று அதில் தெரியவந்தது. கூடியுண்பதொன்றே இதற்குக் காரணமென்று துணிதல் இயலாது; எனினும் நம் அநுபவத்திற்கு அது ஒத்ததாகவே இருக்கிறது.

நம் மாநிலத்தில் 2022 இல் தொடங்கப்பெற்ற காலை உணவுத் திட்டம் 1 முதல் 5 ஆம் வகுப்பு வரையுள்ள குழந்தைகளை உத்தேசித்து ஏற்பட்டது. வளர்ந்த பிள்ளைகளின் காலை ஆகாரமும் இரவு ஆகாரமும் வீட்டையே பொறுத்தவை. ஆகவே பெற்றோர் கீழ்க்கண்டவற்றைக் கைக்கொள்வாராக.

1. அறுவடையில் விதைக்கு எடுத்து வைப்பதுபோல், வீட்டுக்கென்று கேழ்வரகு, கம்பு, பயறு வகைகளை முதலில் எடுத்து வைத்து, மிகுதியை விற்கவும்.

2. கிணற்றடியிலும் வாய்க்கால் ஓரத்திலும் முருங்கை, அகத்தி, பப்பாளி முதலியவற்றை வைத்து வளர்க்கவும்.

3. உணவோடு டீ, காபி அருந்தலாகாது. அவற்றிலுள்ள துவர்ப்புப் பொருள், தானியத்திலும் கீரையிலுமுள்ள இரும்புச்சத்து உடலிற் சேர்வதைத் தடுக்கிறது. ஒரு மணி நேரமாவது கழித்து அருந்துக. எலுமிச்சை, நெல்லி ஆகியவை அச்சத்து உடலிற் சேர உதவும்.

4. நாள்தோறும் ஒரு வேளையாவது, தாயார் உட்பட அனைவரும் ஒன்றாக அமர்ந்து, ஒரே பதார்த்தத்தை உண்ணவும்.

கிராம நிர்வாக அலுவலர்களும் ஊராட்சித் தலைவர்களும் இதனைக் கிராம சபைகளில் எடுத்துரைப்பது நலம். தம் வீட்டில் நடத்திக் காட்டிவிட்டு உரைப்பின் இன்னும் நலம். யானும் இப்போது காலையில் மகனோடு அமர்ந்து கேழ்வரகுக் களி உண்டபின்னரே புறப்படுகிறேன். முதல் வாரம் அவன் தட்டைத் தொடவில்லை. மூன்றாம் வாரத்தில், கேளாமலே இன்னும் ஓர் உருண்டை எடுத்துக்கொண்டான்.