சென்னையில் வேலை கிடைச்சிருக்கா? முதல் சம்பளம் வரும் வரை தாக்குப்பிடிப்பது எப்படி? முழு விவரம்

ஆஃபர் லெட்டர் கைக்கு வந்ததும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அடுத்த நாளே கேள்வி வந்துவிடும்: "சென்னையில எங்கப்பா தங்கப் போற?" தெரிந்தவர் ஒருவர் மூலம் அவசரமாக ஒரு வீடு, கையில் இருந்த பணம் மொத்தமும் அட்வான்ஸ். மாதக் கடைசியில் சம்பளம் வருவதற்குள் கடன் வாங்க வேண்டிய நிலை. ஊரிலிருந்து சென்னைக்கு வரும் பலருக்கும் நடப்பது இதுதான்.

இதைத் தவிர்க்க என்ன வழி? ஒன்றொன்றாகப் பார்ப்போம்.

வந்ததும் வீடு எடுக்கலாமா?

வேண்டாம். முதல் ஒரு மாதம் மேன்ஷன், ஹாஸ்டல், பிஜி அல்லது சொந்தக்காரர் வீடு போதும். ஷிஃப்ட் எப்போது, எந்தக் கிளையில் வேலை, எத்தனை நாள் ஆபீஸ் போக வேண்டும் என்பதெல்லாம் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் சரியாகத் தெரியும். அதற்கு முன்பே வீடு எடுத்தால், தாம்பரத்தில் வீடும் அம்பத்தூரில் ஆபீஸும் என்று மாட்டிக்கொள்ள நேரிடும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மாத வாடகை 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 3 மாத அட்வான்ஸ் 30,000. முதல் மாத வாடகை 10,000. புரோக்கர் கமிஷன் ஒரு மாத வாடகை என்றால் இன்னொரு 10,000. பாய், பக்கெட் வாங்கும் முன்பே 50,000 ரூபாய் போய்விடும். ஓனர் 10 மாத அட்வான்ஸ் கேட்டால் இதே கணக்கு 1,20,000 ரூபாய் ஆகிவிடும்.

அட்வான்ஸ் பற்றி சட்டம் என்ன சொல்கிறது?

தமிழ்நாட்டில் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் மற்றும் பொறுப்புகளை முறைப்படுத்தும் சட்டம் 2017-ல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. முக்கியமான அம்சங்கள் இவை:

• வாடகை ஒப்பந்தம் எழுத்துப்பூர்வமாக இருக்க வேண்டும். அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். '11 மாதம்தானே, பதிவு வேண்டாம்' என்பது இந்தச் சட்டத்தில் எடுபடாது.

• அட்வான்ஸ் 3 மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது. ஆனால் இருவரும் வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொண்டால் இந்த வரம்பு பொருந்தாது.

• காலி செய்த ஒரு மாதத்துக்குள், பாக்கியைக் கழித்துக்கொண்டு அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும்.

• தகராறு என்பதற்காக தண்ணீர், மின்சாரத்தை ஓனர் நிறுத்தக் கூடாது.

இரண்டாவது அம்சத்தை இன்னொரு முறை படியுங்கள். 10 மாத அட்வான்ஸ் என்று எழுதியிருக்கும் தாளில் கையெழுத்துப் போட்டால், அதை நீங்களே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். அதனால் பேரம் பேச வேண்டியது கையெழுத்துக்கு முன்புதான்.

அட்வான்ஸை வங்கி வழியாகவோ யுபிஐ மூலமாகவோ கொடுங்கள். ரொக்கமாகக் கொடுத்தால் ரசீது வாங்குங்கள். குடிபோகும் அன்றே சுவர், குழாய், கதவு எல்லாவற்றையும் போட்டோ எடுத்து ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். காலி செய்யும்போது 'பெயின்டிங் செலவு' என்று பிடித்தம் செய்வது சென்னையில் சகஜம். எவ்வளவு பிடிப்பார்கள் என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.

வாடகை தவிர வேறு என்ன செலவு?

கரன்ட் பில்: வீட்டு மின் இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுப்பார்கள். முதல் 100 யூனிட் இலவசம். ஆனால் ஒரே இணைப்பில் சப்-மீட்டர் வைத்து, யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஓனரே வசூலிக்கும் வீடுகளும் உண்டு. உங்களுக்குத் தனி இணைப்பா, சப்-மீட்டரா என்று முதலிலேயே கேளுங்கள்.

தண்ணீர்: மெட்ரோ வாட்டர் வருகிறதா, போர் தண்ணீரா, லாரித் தண்ணீரா? பல ஏரியாக்களில் போர் தண்ணீர் உப்பாக இருக்கும். குடிக்க கேன் வாட்டர்தான். அதுவும் மாதச் செலவுக் கணக்கில் வர வேண்டும்.

மெயின்டனன்ஸ்: அபார்ட்மென்ட் என்றால் இது தனி. வாடகையில் சேர்ந்ததா இல்லையா என்று கேட்கத் தயங்க வேண்டாம்.

வீடு பார்க்கும்போது மறக்கக் கூடாத 2 கேள்விகள்

"மே மாசம் தண்ணி எப்படி?" "டிசம்பர்ல தெருவுல தண்ணி நிக்குமா?" இந்த இரண்டையும் ஓனரிடம் கேட்பதைவிட, தெருமுனை மளிகைக் கடைக்காரரிடமோ இஸ்திரி போடுபவரிடமோ கேளுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தையும், 2019 கோடைத் தண்ணீர்ப் பஞ்சத்தையும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் பார்த்தவர்கள் அவர்கள். வேளச்சேரி, முடிச்சூர், பள்ளிக்கரணை போன்ற பகுதிகளில் தரைத்தள வீடு என்றால் கட்டாயம் விசாரியுங்கள்.

போக்குவரத்து: தூரமா, நேரமா?

சென்னையில் கிலோமீட்டர் கணக்கு உதவாது. மெட்ரோ 2-ம் கட்டப் பணி நடக்கும் சாலைகளில் சின்ன தூரத்துக்கே நீண்ட நேரம் ஆகும். அதனால் புறநகர் மின்சார ரயில், பறக்கும் ரயில், மெட்ரோ ஆகியவற்றில் ஏதாவது ஒரு நிலையத்துக்கு நடந்து போகும் தூரத்தில் வீடு பாருங்கள். வாடகை சற்று கூடினாலும் பெட்ரோலும் நேரமும் மிச்சம். மின்சார ரயிலுக்கு மாத சீசன் டிக்கெட் எடுத்தால் செலவு மிகக் குறைவு. பஸ், மெட்ரோ, மின்சார ரயில் மூன்றுக்கும் 'சென்னை ஒன்' செயலியில் டிக்கெட் எடுக்கலாம். சாதாரண கட்டண மாநகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது.

வீட்டை முடிவு செய்யும் முன், ஒரு வேலை நாளில் காலை 8 மணிக்கு அங்கிருந்து ஆபீஸுக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்து எடுக்கும் முடிவு திங்கட்கிழமை பொய்த்துவிடும்.

பெண்கள் கவனிக்க வேண்டியவை

பெண்கள் விடுதிகள் 2014-ம் ஆண்டு சட்டப்படி உரிமம் பெற்றிருக்க வேண்டும். உரிமம் இருக்கிறதா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. வேலைக்குப் போகும் பெண்களுக்கு அரசின் 'தோழி' விடுதிகள் அடையாறு, தாம்பரம், கூடுவாஞ்சேரி உள்ளிட்ட இடங்களில் உள்ளன. அவசர உதவிக்கு 181.

சாப்பாட்டுச் செலவைக் குறைக்க?

பல ஹாஸ்டல்களில் ஞாயிறு இரவு சாப்பாடு இருக்காது. மாதத்தில் நான்கு நாள் என்றாலும், ஆன்லைன் ஆர்டர் என்று போனால் பர்ஸ் காலி. 2013-ல் தொடங்கிய அம்மா உணவகங்களில் இட்லி 1 ரூபாய், பொங்கல் 5 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய். சம்பளத் தேதிக்கு முந்தைய வாரத்தைப் பலரும் தள்ளுவது இப்படித்தான். இதில் கூச்சப்பட எதுவும் இல்லை.

யாரும் சொல்லாத விஷயம்: தனிமை

முதல் மாதம் எல்லாம் புதுசு. இரண்டாவது, மூன்றாவது மாதத்தில்தான் அந்த வெறுமை வரும். ரூம்மேட்டுக்கு நைட் ஷிஃப்ட், பக்கத்து வீட்டில் யார் என்றே தெரியாது. அம்மா போன் செய்தால் "நல்லா இருக்கேன்மா, சாப்பிட்டேன்" என்று ஒரே பதில்.

சாப்பிடவில்லை என்றால் சாப்பிடவில்லை என்றே சொல்லுங்கள். ஊரிலிருந்து வந்த நண்பர்களோடு வாரம் ஒருமுறையாவது சேர்ந்து உட்காருங்கள். விடுமுறை நாளில் அறைக்குள்ளேயே அடைந்து கிடக்க வேண்டாம். பெசன்ட் நகர் கடற்கரைக்கு டிக்கெட் இல்லை. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகத்தை எடுத்துப்போய்ப் படிக்கவும் தனிப் பகுதி உண்டு.

தூக்கமே வரவில்லை, வேலைக்குப் போகவே பிடிக்கவில்லை, வாழ்க்கையே வேண்டாம் என்பது போன்ற எண்ணம் வருகிறதா? 14416 என்ற டெலி மனஸ் எண்ணுக்குப் பேசுங்கள். 24 மணி நேரமும், தமிழிலும், கட்டணம் இல்லாமல் பேசலாம்.

ஊரில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: "எவ்வளவு அனுப்புற?" என்ற கேள்வியை முதல் மூன்று மாதம் தள்ளி வையுங்கள். அதுவரை "கையில காசு இருக்கா?" என்று கேளுங்கள்.