நனிசைவ நோயாளிகளும் உண்ணல் கோளாறு சிகிச்சையும்

நனிசைவ நோயாளிகளுக்கான உண்ணல் கோளாறு சிகிச்சை என்பது, விலங்குகளிலிருந்து பெறப்படும் உணவுகள் அனைத்தையும் விலக்குவோர் பசியற்ற உளநோய் (அனோரெக்சியா நெர்வோசா), பெரும்பசி உளநோய் (புலிமியா நெர்வோசா) முதலிய கோளாறுகளுக்கு ஆளாகும்போது அவர்களுக்கு அளிக்கப்படும் மருத்துவ, உணவியல், உளவியல் உதவிகளைக் குறிக்கும். நோயாளி ஓர் உணவை மறுப்பதற்குக் காரணம் அவரது கொள்கையா, நோயா என்பதைப் பிரித்தறிவதே இதில் முதன்மையான சிக்கல் ஆகும். உளநோய்களுள் இறப்பு வீதம் மிகுந்தவற்றில் பசியற்ற உளநோயும் ஒன்று. எனவே நோயைக் கொள்கை என்று கருதி விட்டுவிடுவது உயிருக்கு ஊறு விளைவிக்கலாம். மாறாக, உண்மையான கொள்கையை நோய் என்று ஒதுக்கினால் நோயாளி நம்பிக்கை இழந்து சிகிச்சையையே கைவிடக்கூடும்.

சொற்பொருள்

நனிசைவம் (வீகன் முறை) என்பது இறைச்சி, மீன், முட்டை ஆகியவற்றுடன் பால், தயிர், நெய், தேன் ஆகியவற்றையும் விலக்கும் வாழ்க்கை முறையாகும். தமிழர் வழக்கில் சைவ உணவு எனப்படுவது பால் பொருட்களை உள்ளடக்குவதால் இரண்டும் ஒன்றல்ல. பிரித்தானியாவில் 1944 ஆம் ஆண்டில் டொனால்ட் வாட்சனும் அவரது நண்பர்களும் வீகன் சங்கத்தைத் தோற்றுவித்தபோது இப்பெயர் வழக்கிற்கு வந்தது. கொள்கைவழி நனிசைவர்கள் உணவில் மட்டுமன்றித் தோல், கம்பளி, பட்டு முதலியவற்றின் பயன்பாட்டிலும் இதைக் கடைப்பிடிப்பர். இயன்ற, நடைமுறைக்கு உகந்த அளவில் விலங்குப் பொருட்களைத் தவிர்ப்பது என்றே அச்சங்கம் நனிசைவத்தை வரையறுக்கிறது. ஆகவே மாற்று இல்லாத மருந்தை உட்கொள்வது கொள்கை மீறலாகக் கருதப்படுவதில்லை.

இரண்டிற்கும் உள்ள தொடர்பு

நனிசைவம் உண்ணல் கோளாறை உண்டாக்குகிறது என்று நிறுவப்படவில்லை. ஆயினும் உண்ணல் கோளாறு உடையோரிடையே சைவ, நனிசைவ உணவு முறைகள் கூடுதலாகக் காணப்படுகின்றன. ஐக்கிய அமெரிக்காவில் பெண்களிடம் நடத்தப்பட்டு 2012 இல் வெளிவந்த ஓர் ஆய்வில், உண்ணல் கோளாறு வரலாறு உடையோரில் 52 விழுக்காட்டினரும், அது இல்லாதோரில் 12 விழுக்காட்டினரும் வாழ்வில் ஏதேனும் ஒரு காலத்தில் சைவராக இருந்தனர். முதல் பிரிவினருள் பலர், நோய் தொடங்கிய பின்னரே தாம் சைவத்திற்கு மாறியதாகக் கூறினர். உடல் எடை குறித்த அச்சத்தை வெளியில் சொல்லாமல் உணவை மறுப்பதற்கு ஏற்றுக்கொள்ளத்தக்க ஒரு காரணமாக உணவு முறை பயன்பட்டிருக்கலாம் என்பது இதற்குக் கூறப்படும் விளக்கங்களுள் ஒன்று.

பட்டினியும் மனத்தின் போக்கை மாற்றவல்லது. 1944-45 இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஆன்செல் கீஸ் என்பவர், உடல்நலமுள்ள 36 ஆண்களைக் கொண்டு அரைப்பட்டினிச் சோதனை ஒன்றை நடத்தினார். அவர்களுள் பலரிடம் உணவைப் பற்றிய இடையறாத எண்ணமும், உண்பதில் விசித்திரமான சடங்குகளும் தோன்றின. இதனால், நோயாளி மிக மெலிந்திருக்கும்போது கூறும் உணவு விதிகளை, எடை மீண்ட பின்னர் அவருடன் மறுபடியும் கலந்து பேசுவது நல்லது.

மதிப்பீடு

சிகிச்சையாளர்கள் பொதுவாகக் கீழ்வரும் செய்திகளைக் கேட்டறிவர்:

- நனிசைவம் முதலில் வந்ததா, நோயின் அறிகுறிகள் முதலில் வந்தனவா?
- மாற்றத்திற்குக் காரணம் விலங்கு நலமா, சமயமா, சூழலியலா, எடைக் குறைப்பா?
- உடை, காலணி முதலியவற்றிலும் கொள்கை கடைப்பிடிக்கப்படுகிறதா?
- குடும்பத்தினர் நனிசைவர்களா?
- நனிசைவ ஐஸ்கிரீம், கேக், எண்ணெயில் பொரித்த பண்டங்கள் ஆகியவற்றை நோயாளி உண்கிறாரா?

இறுதிக் கேள்வி சிறப்பாகக் கவனிக்கத்தக்கது. விலங்குப் பொருள் எதுவும் கலவாத கேக்கை மறுப்பதற்குக் கொள்கை காரணமாக முடியாது. அங்கே கொழுப்பு, சர்க்கரை பற்றிய அச்சமே பெரும்பாலும் வெளிப்படுகிறது. எனினும் ஒருவரிடம் கொள்கையும் நோயும் ஒருங்கே இருக்கலாம் என்பதால், ஒரு விடையைக் கொண்டு மட்டும் முடிவு செய்யலாகாது.

உணவியல் சிக்கல்கள்

எடையை மீட்க மிகுந்த ஆற்றல் தேவை. தாவர உணவுகள் பல நார்ச்சத்து மிக்கவை. ஆற்றல் அடர்த்தி குறைந்தவை. பட்டினியால் இரைப்பை மெதுவாகவே காலியாகும் நிலையில் உள்ள நோயாளிக்கு, காய்கறியும் பருப்பும் நிறைந்த தட்டு விரைவில் வயிற்றை நிரப்பிவிடும். ஆகவே வெள்ளை அரிசி, வெள்ளை ரொட்டி, எண்ணெய், நிலக்கடலை வெண்ணெய், உலர்பழம், தேங்காய்ப்பால், டோஃபு போன்றவை உணவுத் திட்டத்தில் முன்னிடம் பெறுகின்றன. பசும்பாலுக்கு மாற்றாகச் சோயாப்பால் தகுந்தது. பாதாம், அரிசிப் பால்களில் புரதம் மிகக் குறைவு.

வைட்டமின் பி12 ஐ நனிசைவர்கள் செறிவூட்டிய உணவு அல்லது மாத்திரை வழியாகவே பெற வேண்டும். நாள்தோறும் 10 மைக்ரோகிராம் மாத்திரை என்பது வீகன் சங்கத்தின் பரிந்துரைகளுள் ஒன்று. சுண்ணாம்புச்சத்து, வைட்டமின் டி, அயோடின், இரும்பு, துத்தநாகம் ஆகியவையும் கவனிக்கப்படுகின்றன. பசியற்ற உளநோயில் ஈத்திரோசன் குறைந்து எலும்பு வலுவிழப்பதால், முதல் இரண்டும் இன்றியமையாதவை. வைட்டமின் டி3 பெரும்பாலும் ஆட்டுக் கம்பளியின் கொழுப்பிலிருந்து எடுக்கப்படுகிறது. கற்பாசியிலிருந்து பெறப்படும் வகையும் உண்டு. பல மருந்துகளின் உறைகளில் ஜெலட்டினும், மாத்திரைகளில் பால் சர்க்கரையான லாக்டோசும் சேர்க்கப்படுகின்றன.

மீளூட்டல் கூட்டறிகுறி

நீண்ட பட்டினிக்குப் பின் உணவு தரும்போது இன்சுலின் சுரப்பு உயர்கிறது. அப்போது இரத்தத்திலுள்ள பாஸ்பேட்டு, பொட்டாசியம், மக்னீசியம் ஆகியவை உயிரணுக்களுக்குள் செல்கின்றன. இரத்தத்தில் இவற்றின் அளவு திடீரெனக் குறைவதால் இதயத் துடிப்பு சீர்குலைந்து இறப்பும் நேரலாம். பால் பாஸ்பேட்டு நிறைந்த எளிய உணவாகும். நனிசைவர்களுக்கு இவ்வழி இல்லை. விதைகளிலும் பருப்புகளிலும் பாஸ்பரசு பெரும்பாலும் ஃபைட்டேட்டு வடிவில் இருப்பதால், உடல் அதை முழுமையாக உறிஞ்சுவதில்லை. ஊறவைத்தல், முளைகட்டுதல், புளிக்கவைத்தல் ஆகியவை ஃபைட்டேட்டைக் குறைக்கும். இருப்பினும் ஆபத்து மிகுந்த நோயாளிகளுக்கு இரத்தப் பரிசோதனையும், பாஸ்பேட்டு, தயமின் மருந்துகளும் தேவைப்படுகின்றன.

2019 கூட்டறிக்கையும் சட்டமும்

உளமருத்துவர்களின் அரச கல்லூரி, பிரித்தானிய உணவியல் சங்கம், உண்ணல் கோளாறு அறக்கட்டளையான பீட் (BEAT) ஆகிய மூன்றும் இணைந்து, நனிசைவ நோயாளிகளின் சிகிச்சை குறித்து 2019 இல் கூட்டறிக்கை ஒன்றை வெளியிட்டன. சனவரி 2020 இல், இங்கிலாந்தின் வேலைவாய்ப்புத் தீர்ப்பாயம் ஒன்று, கொள்கைவழி நனிசைவம் 2010 ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்தால் காக்கப்படும் மெய்யியல் நம்பிக்கை எனத் தீர்ப்பளித்தது. மறுபுறம், இங்கிலாந்திலும் வேல்சிலும் 1983 ஆம் ஆண்டின் உளநலச் சட்டப்படி தடுத்து வைக்கப்பட்ட நோயாளிக்கு, உயிர்காக்கும் பொருட்டு மூக்குக்குழாய் வழி உணவூட்ட இயலும். இத்தகைய திரவ உணவுகள் பல பால் புரதத்தால் ஆனவை. சோயா, பட்டாணிப் புரதங்களால் ஆன வகைகள் கிடைக்குமாயின் அவற்றை முதலில் நாடுவது நோயாளியின் நம்பிக்கையைக் காக்க உதவும்.

கருத்து வேறுபாடுகள்

எடை மீளும் வரை விலக்கு எதுவும் கூடாது என்பர் ஒரு சாரார். விலக்கப்படும் உணவுகள் பெருகப் பெருக நோயின் பிடி இறுகும் என்பது இவர்கள் வாதம். தாவர உணவைக் கொண்டே எடையை மீட்க இயலும். நோயாளியின் ஒத்துழைப்பே நிலையான குணத்திற்கு அடிப்படை என்பர் மற்றொரு சாரார். நடைமுறையில் பல சிகிச்சையாளர்கள் இடைவழியொன்றைக் கையாள்கின்றனர். நனிசைவ உணவு அனுமதிக்கப்படும். ஆனால் மற்ற நோயாளிகளைப் போலவே இவர்களும் அஞ்சும் உணவுகளை அவற்றின் நனிசைவ வடிவில் உண்டு பழக வேண்டும். எடை கூடவில்லையெனில் திட்டம் மறுபரிசீலனை செய்யப்படும். இந்நிபந்தனைகளைத் தொடக்கத்திலேயே நோயாளியுடனும் குடும்பத்தினருடனும் பேசி எழுதி வைத்துக்கொள்வது பின்னர் எழும் பூசல்களைக் குறைக்கும்.

இவற்றையும் பார்க்க

- பசியற்ற உளநோய்
- நனிசைவம்
- வைட்டமின் பி12
- மினசோட்டா பட்டினிச் சோதனை