கிளையைப் பிடிக்கும் "விரல்கள்"!

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில், மழை ஓயாத காடுகளில், ஹேசல் மரக் கிளைகளை ரப்பர் கையுறை போட்ட விரல்கள் பற்றியிருக்கும். புதியவர்கள் திடுக்கிடுவார்கள்!

அது கை அல்ல. அபூர்வக் காளான்! பெயர் "ஹேசல் கையுறை." நிறம், ஆரஞ்சு கலந்த பழுப்பு. 1922-ல் இதை விவரித்து எழுதியவர் அமெரிக்க அறிஞர் ரோலண்ட் தாக்ஸ்டர்.

திருடனுக்குத் திருடன்

இது மரத்தை உண்பதில்லை. இன்னொரு காளானை உண்டு பிழைக்கிறது! அந்தக் காளானோ பலே கைகாரன். காய்ந்த சுள்ளியைக் கீழே விழவிடாமல், பசைபோலப் பச்சைக் கிளையோடு ஒட்டிவைத்துத் தின்கிறது. ஆகவே அந்தரத்தில் தொங்கும் சுள்ளியைக் கண்டால், நிபுணர்கள் அங்கே கையுறையைத் தேடுவார்கள்.

பழைய ஹேசல்களை வெட்டினாலோ, பட்ட கொம்புகளைப் பொறுக்கிச் "சுத்தம்" செய்தாலோ இரண்டு காளான்களுக்கும் வீடு இல்லை. அதனால், "காய்ந்ததையும் விட்டுவையுங்கள்" என்கிறார்கள் நிபுணர்கள். கையுறை கிடைத்தால் படம் பிடிக்கலாம்; பறிக்கக் கூடாது.