குடலில் தொடங்கும் நாசம்

சகோதரிகளே! எயிட்ஸ் என்றதும் எலும்பும் தோலுமாய்ப் படுக்கையில் கிடக்கும் ஓர் உருவம்தான் உங்கள் மனக்கண்ணில் தோன்றும். அது கடைசிக் கட்டம். எச்.ஐ.வி. கிருமி தன் பெரிய நாசத்தை அதற்குப் பல வருடங்களுக்கு முன்பே, ஆள் சுகதேகியாக நடமாடும்போதே செய்துவிடுகிறது. எங்கே தெரியுமா? குடலில்!

உடலைக் காக்கும் வெண்குருதிக் கலங்களில் பெரும்பகுதி குருதியில் ஓடித் திரிவதில்லை. குடற்சுவரிலும் ஏராளமாய்க் குடியிருக்கின்றன. உண்ணும் ஒவ்வொரு பிடியோடும் கிருமிகள் உள்ளே போகின்றனவே, வாசலில் காவல் வேண்டாமா? அக்காவலர்களில் சிடி4 என்ற வகையே எச்.ஐ.வி.யின் இரை. தொற்றிய சில வாரங்களுக்குள் குடலிலுள்ள சிடி4 கலங்களில் பெரும்பாலானவை மாண்டுவிடுகின்றன. கிருமி ஏற்றிய இரத்தத்தால் வந்தாலும், தாம்பத்திய உறவால் வந்தாலும் கதை ஒன்றுதான். 1998இல் குரங்குகளிலும் 2004இல் மனிதரிலும் அமெரிக்க ஆய்வாளர்கள் இதைக் கண்டறிந்தனர். குருதியில் எண்ணிக்கை அவ்வளவாகக் குறையாதிருக்கும் வேளையிலேயே குடல் வெறிச்சோடிப் போகிறது.

காவல் போனால் மதிலும் கசியும். குடலில் வாழும் பக்டீரியாக்களின் கூறுகள் குருதிக்குள் புகுகின்றன. அவற்றோடு ஓயாமல் மல்லுக்கட்டியே மிஞ்சிய கலங்களும் களைத்து மடிகின்றன. தீராத வயிற்றோட்டமும் மெலிவும் பின்னால் வருபவை. 1980களில் உகண்டா மக்கள் இதற்கு 'மெலிவு நோய்' என்றே பெயர் வைத்திருந்தார்கள்.

குடல் என்றதும் சாப்பாட்டால் தொற்றுமோ என்று பயந்துவிடாதீர்கள். நோயாளியோடு ஒரே சஹனில் உண்டாலும் தொற்றாது.

இலங்கையர் ஒருவரில் இத்தொற்று முதன்முதல் அறியப்பட்டது 1987இல். குழந்தை மருத்துவ நிபுணர் கமலிகா அபேரத்னவுக்கு விபத்தொன்றின் பின் ஏற்றிய இரத்தத்தால் இது வந்தது. மறைக்காமல் வெளியே பேசிய அவர் 2004இல் காலமானார். இன்று அரச கிளினிக்குகளில் மருந்து இலவசம். ஒழுங்காக எடுத்தால் கிருமி சோதனையில் தென்படாத அளவுக்கு அடங்கும். துணைக்கும் உறவால் தொற்றாது. ஆனால் குருதி தேறுவதுபோல் குடல் விரைவில் தேறுவதில்லை, முழுதாகவும் தேறுவதில்லை. எவ்வளவு முந்தித் தொடங்குகிறோமோ அவ்வளவு மிஞ்சும். கண்டறிந்த உடன் மருந்து என்று 2015இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது.

எம்பிலிப்பிட்டியவில் ஒரு கர்ப்பிணிச் சகோதரி கேட்டார்: "மௌலவி, இந்தச் சோதனைக்கு இரத்தம் கொடுத்தால் மாப்பிள்ளையைச் சந்தேகிப்பதாகாதா?" ஆகாது. கிளினிக்குக்கு வரும் எல்லாத் தாய்மாருக்கும் செய்வதுதான் இது. இப்படிச் சோதித்ததாலேயே, தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி. பரவுவதை ஒழித்த நாடென 2019இல் இலங்கை சான்று பெற்றது.