உங்களுக்கு எத்தனை பிறந்தநாள்? நட்சத்திரம் முதல் சர்டிபிகேட் வரை!

தமிழ்நாட்டில் அறுபதைத் தாண்டிய பலருக்கும் இரண்டு பிறந்தநாள்கள் உண்டு. ஒன்று, அம்மா சொன்ன மாதமும் நட்சத்திரமும். இன்னொன்று, பள்ளிச் சான்றிதழில் இருக்கும் தேதி. திருவள்ளூர் மாவட்டம் ஆரணியில் கேட்டாலும் சரி, பக்கத்தில் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கேட்டாலும் சரி, இதே கதைதான்!

ராஜராஜனுக்கு சதயம்

நம் ஊரில் பிறந்தநாள் என்றாலே நட்சத்திரம்தான். ராஜராஜ சோழன் பிறந்தது ஐப்பசி சதயம்; அவர் மகன் ராஜேந்திரன் பிறந்தது ஆடித் திருவாதிரை. இவற்றை நமக்குச் சொல்பவை கோயில் கல்வெட்டுகள். தஞ்சை பெரிய கோயிலில் சதய விழா இன்றும் நட்சத்திரப்படிதான் நடக்கிறது. அதனால் ஆங்கிலத் தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும்.

குழந்தைக்கு ஒரு வயது ஆனதும் மொட்டை, காதுகுத்து; 60 வயது முடிந்தால் சஷ்டியப்த பூர்த்தி; எண்பதைத் தாண்டினால் சதாபிஷேகம். இதற்காகவே திருக்கடையூருக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள் ஏராளம். தமிழ் ஆண்டுகள் மொத்தம் 60. ஒருவர் பிறந்த ஆண்டின் பெயர் மறுபடி வருவது 60 முடிந்த பிறகுதான் என்பதால், அந்த வயதுக்கு இத்தனை சிறப்பு.

மெழுகுவத்தி வந்த வழி

குழந்தைகளின் பிறந்தநாள் கேக்கில் மெழுகுவத்தி ஏற்றும் பழக்கம் 18-ம் நூற்றாண்டு ஜெர்மனியிலேயே இருந்தது. 'ஹேப்பி பர்த்டே' பாட்டின் மெட்டு, அமெரிக்காவைச் சேர்ந்த ஹில் சகோதரிகள் பள்ளிக் குழந்தைகளின் காலை வணக்கப் பாட்டுக்காக உருவாக்கியது, 1893-ல் வெளியானது. அந்தப் பாட்டுக்கு ஒரு நிறுவனம் பல ஆண்டுகள் காப்புரிமைக் கட்டணம் வசூலித்துவந்தது. அந்த உரிமை செல்லாது என 2015-ல் அமெரிக்க நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஹெட்மாஸ்டர் வைத்த தேதி

பள்ளியில் சேர்க்க வயதைத் தெரிந்துகொள்ள வேண்டும். கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் எதிர்ப்பக்கக் காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டுவிட்டால் ஐந்து வயது! ஜூனில் பள்ளி திறக்கும் என்பதால், அதற்கேற்ப மே, ஜூன் மாதங்களில் ஒரு தேதியை எழுதிவிடுவார் ஹெட்மாஸ்டர். அந்தக் காலத்து ஆட்கள் பலருக்கு அந்த மாதங்களிலேயே பிறந்தநாள் வருவது இப்படித்தான்.

விளையாட்டாகத் தெரிந்தாலும், இது வயிற்றுப்பாட்டு விஷயம். பி.எஃப். ஓய்வூதியம் முழுமையாகக் கிடைக்கத் தொடங்குவது 58 வயதில். அந்தக் கணக்குக்கு ஆவணத்தில் உள்ள தேதிதான் செல்லும். அம்மா சொன்ன நட்சத்திரம் செல்லாது. ஒரு வருடம் கூட்டி எழுதியிருந்தால் வேலை ஒரு வருடம் முன்பே முடியும். குறைத்து எழுதியிருந்தால் பென்ஷனுக்கு ஒரு வருடம் கூடுதலாகக் காத்திருக்க வேண்டும்.

இன்றைய பெற்றோர் கவனத்துக்கு...

2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், அரசு வேலை எனப் பலவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழ்தான் ஆதாரம். பிறந்த 21 நாள்களுக்குள் பதிவு செய்தால் கட்டணம் இல்லை. குழந்தையின் பெயரை ஓராண்டுக்குள் இலவசமாகச் சேர்க்கலாம்; அதற்குப் பிறகு தாமதக் கட்டணத்துடன் 15 ஆண்டுகள் வரை சேர்க்கலாம். சான்றிதழ் கைக்கு வந்ததும் தேதி, பெயர், எழுத்துப்பிழை மூன்றையும் சரிபார்த்துவிடுங்கள்.

அப்படியே, வீட்டுப் பெரியவர்களிடம் அவர்கள் பிறந்த மாதத்தையும் நட்சத்திரத்தையும் கேட்டு எழுதி வையுங்கள். அது எந்தச் சான்றிதழிலும் இருக்காது!