பேனாக்கத்தி வைத்திருக்கலாமா?

பெருமுக்கல் பக்கத்துக்காரர்களுக்குச் சட்டைப் பையில் ஒரு மடக்குக் கத்தி இருப்பது புதிதல்ல. மல்லாட்டை மூட்டையின் வாயைத் தைத்திருக்கும் சணலை அறுக்க வேண்டும். சவுக்கு நாற்றின் பாலித்தீன் பையைக் கீற வேண்டும். சொட்டுநீர்க் குழாயில் ஒரு சாண் வெட்டி எடுக்க வேண்டும், வியாபாரி கேட்டால் தர்பூசணியில் ஒரு துண்டு அறுத்துக் காட்ட வேண்டும். வேட்டி மடிப்பிலோ கால்சட்டைப் பையிலோ கிடக்கும் அந்த ஒற்றை அலகுக் கத்தியை நாம் இன்றும் பேனாக்கத்தி என்றுதான் சொல்கிறோம். இறகைச் சீவிப் பேனா செய்த காலத்தில் பிறந்த பெயர் அது. இறகுப் பேனா போய்விட்டது, பெயர் தங்கிவிட்டது.

அதே கத்தியோடு இரவு பத்து மணிக்குத் திண்டிவனத்திலிருந்து மரக்காணம் சாலையில் வண்டியில் வருகிறீர்கள். வாகனச் சோதனை. பையைத் துழாவிய காவலர் கேட்கிறார்: “இன்னாத்துக்கு இது?” பதற்றத்தில் நம்மில் பலர் சொல்லும் பதில்: “சும்மா, ஒரு பாதுகாப்புக்கு சார்.”

இதைவிட ஆபத்தான பதில் இல்லை. தற்காப்புக்கு வைத்திருக்கிறேன் என்றால் சட்டம் நம்மைப் புரிந்துகொள்ளும் என்பது ஊர் முழுக்கப் பரவிய தவறான நம்பிக்கை. 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம் ஆயுதம் என்றால் என்ன என்று பிரிவு 2இல் சொல்கிறது. தாக்குவதற்கோ தற்காப்பதற்கோ ஆயுதமாக வடிவமைக்கப்பட்ட, அல்லது அப்படி மாற்றி அமைக்கப்பட்ட பொருள் எல்லாம் ஆயுதம்தான். தற்காப்பு என்ற சொல் அந்த வரையறைக்கு உள்ளேயே இருக்கிறது. வீட்டுக்கும் விவசாயத்துக்கும் மட்டுமே என்று செய்யப்பட்ட பொருட்களை அதே பிரிவு ஆயுதக் கணக்கிலிருந்து விலக்குகிறது. ஆக, மூட்டை பிரிக்க வைத்திருந்த கருவியை “பாதுகாப்புக்கு” என்ற ஒரு வார்த்தையால் நாமே ஆயுதப் பக்கம் தள்ளிவிடுகிறோம். உயிருக்கு ஆபத்து வரும் நேரத்தில் தற்காத்துக்கொள்ளும் உரிமையைப் பாரதிய நியாய சன்ஹிதா தருகிறது, உண்மை. அது அந்த நேரத்துச் செயலுக்கான உரிமை. நாள்தோறும் ஆயுதம் சுமப்பதற்கான அனுமதி அல்ல.

பொய் சொல்லக் கற்றுத்தருகிறேன் என்று நினைக்க வேண்டாம். உண்மையிலேயே ஒருவருக்குப் பயந்து கத்தி வைத்திருக்கிறீர்கள் என்றால் அதை இன்றே வீட்டில் வைத்துவிடுங்கள். கத்தி பிடிக்கத் தெரியாத கையில் இருக்கும் கத்தி எதிராளியின் கைக்குப் போக நெடுநேரம் ஆகாது. மிரட்டல் இருந்தால் காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். அவசரத்துக்கு 112, பெண்களுக்கு 181 இருக்கிறது.

இனி நீளம். கடைக்காரர்கள் “ஒன்பது அங்குலம் வரை பிரச்சினையே இல்லை” என்பார்கள். இதில் பாதி உண்மை. படைக்கல விதிகளின் அட்டவணையில் ஐந்தாம் வகை ஆயுதங்களில் வாள், ஈட்டி, குத்துவாள் ஆகியவற்றோடு கத்தியும் வருகிறது. அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ இருந்தால் அந்தக் கணக்கு. வீட்டு வேலை, விவசாயம், அறிவியல், தொழில் இவற்றுக்காகச் செய்யப்பட்டவை விலக்கு. அதனால்தான் வயலுக்குப் போகும் அரிவாளுக்கு யாரும் உரிமம் கேட்பதில்லை. மூன்று அங்குலப் பேனாக்கத்தி இந்த அளவுக்கு வெகு கீழே இருக்கிறது.

மீதிப் பாதியைக் கடைக்காரர் சொல்வதில்லை. அதே சட்டத்தின் பிரிவு 4, ஒரு குறிப்பிட்ட பகுதிக்கு மட்டும் துப்பாக்கி அல்லாத ஆயுதங்களையும் கட்டுப்படுத்தி அறிவிக்கை வெளியிட அரசுக்கு அதிகாரம் தருகிறது. டெல்லியில் 1980இல் அப்படி ஓர் அறிவிக்கை வந்தது. பொத்தானை அழுத்தினாலோ வேறு இயந்திர அமைப்பாலோ திறந்து மூடும் கத்திகளில், அலகு 7.62 சென்டிமீட்டர் நீளமும் 1.72 சென்டிமீட்டர் அகலமும் எட்டினால் அங்கே வழக்கு. 7.62 என்பது வெறும் மூன்று அங்குலம். தமிழ்நாட்டிலிருந்து வேலைக்குப் போன பையன் பட்டன் கத்தியோடு டெல்லி ரயில் நிலையத்தில் இறங்கினால், ஊரில் கேட்ட ஒன்பது அங்குலக் கணக்கு அவனைக் காப்பாற்றாது. உத்தரப் பிரதேசத்தின் ராம்பூர், திரைப்படங்களில் வில்லன் கையில் விரிந்த ராம்பூரிக் கத்திக்குப் பெயர்போன ஊர். அங்கும் அரசு நீளத்துக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்த பிறகு அந்தத் தொழில் நொடித்துப்போனது.

நம் பகுதியில் கவனிக்க வேண்டியது தடை உத்தரவு. முன்பு 144 என்று சொன்னோம். 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 163. தேர்தல், ஊர்வலம், சாதிப் பதற்றம் என்று வரும்போது ஆட்சியரோ சார் ஆட்சியரோ ஆயுதம் கொண்டுவரத் தடை போடலாம். 2013 ஏப்ரலில் மரக்காணத்தில் நடந்த மோதலையும் அதன் பின் வந்த நாட்களையும் இங்குள்ளவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட நாட்களில் கூட்டத்துக்கோ திருவிழாவுக்கோ போகும்போது எந்தக் கத்தியும் வேண்டாம், பேனாக்கத்தியும்கூட. சந்தேகத்துக்கு இடமான முறையில் ஆயுதம் கொண்டுபோகிறவரை வாரண்ட் இல்லாமல் கைது செய்ய படைக்கலச் சட்டத்தின் பிரிவு 20 இடம் தருகிறது. நள்ளிரவு, தகராறு நடந்த இடம், முகம் மறைத்த பயணம் என்று சூழ்நிலையும் சேர்ந்துதான் சந்தேகமாகிறது.

இவ்வளவும் தெரிந்த பிறகு கத்தி தேர்ந்தெடுப்பது எளிது. பார்த்தவுடன் கருவி என்று தெரியும் கத்தியை வாங்குங்கள். ஒற்றை அலகு, ஒரு பக்கம் மட்டும் கூர், மூன்று அங்குலத்துக்குள் நீளம், கையால் இழுத்துத் திறப்பது. அலகின் மேல்விளிம்பில் நகம் வைத்து இழுக்க ஒரு சின்னப் பள்ளம் இருக்கும். பொத்தானில் பாய்ந்து திறப்பதும், இரு பக்கமும் கூர் தீட்டியதும், விரலில் மாட்டும் வளையம் வைத்ததும் வேண்டாம். இணையக் கடைகளில் கறுப்பு வண்ணத்தில், சிப்பாய்ப் படத்தோடு, “தற்காப்புக்குச் சிறந்தது” என்று விளம்பரம் செய்கிறார்கள். அந்த வாசகமே உங்களுக்கு எதிரான சாட்சியாகலாம்.

பழைய மாதிரிப் பேனாக்கத்திக்குப் பூட்டு கிடையாது. பிடியின் முதுகில் ஒரு பட்டை வில் இருக்கிறது. அந்த வில்லின் அழுத்தம்தான் அலகைத் திறந்த நிலையிலும் மூடிய நிலையிலும் பிடித்துவைக்கிறது. அறுக்கும்போது விசை அலகை மேலும் திறக்கும் பக்கமே போவதால் பயமில்லை. ஆனால் முனையால் குத்தினால், துளை போட்டால், நெம்பினால் அலகு திரும்பி மடங்கி உங்கள் விரல் மேலேயே விழும். பேனாக்கத்தியால் விரல் கிழிய இது ஒரு காரணம். பெயிண்ட் டப்பா மூடியைப் பேனாக்கத்தியால் நெம்பாதீர்கள். வாங்கும்போதே திறந்து, அலகைப் பக்கவாட்டில் மெதுவாக அசைத்துப் பாருங்கள். ஆடினால் வாங்க வேண்டாம். மூடினால் கூர் முழுவதும் பிடிக்குள் இறங்க வேண்டும், பக்கத் தகட்டில் உரசக் கூடாது. வில் தளர்ந்து தானாகத் திறக்கும் கத்தி பையில் இருப்பதைவிடக் குப்பையில் இருப்பது நல்லது.

இரும்பு பற்றி ஒரு வார்த்தை. கார்பன் எஃகு சாணைக்கல்லில் நாலு இழுப்பில் கூர் ஏறும். எலுமிச்சை, மாங்காய்ப் பால், வியர்வை பட்டால் கறுக்கும், துருவேறும். உப்புக் காற்று வீசும் மரக்காணம் பக்கத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுதான் ஏற்றது. எதுவானாலும் துடைத்து, மடிப்பில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு வைக்க வேண்டும். மொக்கைக் கத்தி பாதுகாப்பானது என்று நினைக்கிறவர்கள் உண்டு. நடப்பது நேர் எதிர். கூர் இல்லாதபோது அழுத்தி அறுக்கிறோம், வழுக்குகிறது, கை போகிறது.

பிடிக்கு மரம், எருமைக்கொம்பு, பித்தளை, பிளாஸ்டிக் எதுவும் சரி. மான்கொம்புப் பிடி என்று யாராவது ரகசியமாக நீட்டினால் தொடாதீர்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் மான்கொம்பு வியாபாரத்தைத் தடை செய்கிறது. யானைத் தந்தமும் அப்படித்தான். படைக்கலச் சட்டத்தில் தப்பிய கத்தி வனத்துறை வழக்கில் மாட்டிவிடும்.

வாங்கியதற்குப் பில் வாங்கி வையுங்கள். வில் உடைந்து கை கிழிந்தால், விளம்பரத்தில் சொன்னதும் கைக்கு வந்ததும் வேறாக இருந்தால் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உங்கள் பக்கம். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். தீராவிட்டால் விழுப்புரம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். வாங்கிய பொருளின் விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை. புகாரை இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும்.

கை கிழிந்துவிட்டதா? காபித்தூள், மஞ்சள், சுண்ணாம்பு எதையும் அப்பாதீர்கள். அவை காயத்தில் அழுக்கைச் சேர்க்கும், மருத்துவர் கழுவுவதற்குள் பாதி நேரம் போய்விடும். சுத்தமான துணியை வைத்துப் பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள், கையை நெஞ்சுக்கு மேல் உயர்த்துங்கள். ரத்தம் நின்றதும் விரலை மடக்கிப் பாருங்கள். மடங்காவிட்டால் தசைநாண் அறுந்திருக்கலாம். விரல் நுனி மரத்திருந்தால் நரம்பு அறுந்திருக்கலாம். வெளிக்காயம் சின்னதாகத் தெரிந்தாலும் அன்றே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். திண்டிவனத்தில் முடியாததை முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரியோ புதுச்சேரி ஜிப்மரோ பார்க்கும். ரண ஜன்னி தடுப்பூசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

சில இடங்களுக்குக் கத்தி கூடவே கூடாது. விமானத்தில் கைப்பையில் வைத்தால் பறிமுதல், சரக்குப் பெட்டியில்தான் போட வேண்டும். நீதிமன்றம், பள்ளி, தேர்வுக்கூடம், வாக்குச்சாவடிக்கும் கொண்டுபோகாதீர்கள். லண்டனில் இருக்கும் மகனுக்கு அனுப்பிவைக்க நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. பிரிட்டனில் கூர் மூன்று அங்குலத்துக்குள் இருக்கும், பூட்டு இல்லாத மடக்குக் கத்தியை மட்டும்தான் காரணம் சொல்லாமல் பையில் வைத்துப் பொது இடத்தில் நடக்கலாம். பூட்டு இருந்தால் இரண்டு அங்குலமானாலும் தக்க காரணம் காட்ட வேண்டும்.

பிள்ளைகளின் பையைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவரையும் அவர் தங்கையையும் உடன்படித்த மாணவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். மாணவரிடையே இத்தகைய வன்முறையைத் தடுக்க வழி சொல்லும்படி, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் அரசு ஒருநபர்க் குழு அமைத்ததும் அதற்குப் பிறகுதான். பென்சில் சீவப் பத்து ரூபாய் சீவுளி போதும். பள்ளிக்குப் பேனாக்கத்தி கேட்கும் பிள்ளையிடம் ஏன் என்று உட்கார்ந்து கேளுங்கள். அவன் யாருக்காவது பயப்படுகிறான் என்றால் அதைத்தான் முதலில் தீர்க்க வேண்டும்.

பெருமுக்கல் மலைக்குப் போகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். முக்தியாலீஸ்வரர் கோயில் இருக்கும் அந்த மலையின் குகையில், எழுத்துக்கு முந்திய காலத்து மனிதர் பாறையில் செதுக்கிய உருவங்கள் இருக்கின்றன. அவற்றின் அருகில் உங்கள் பெயரைக் கீற அந்தக் கத்தி பையை விட்டு வெளியே வரக் கூடாது. போன கோடு திரும்ப வராது.

கடைசியாக, சோதனையில் நிறுத்தப்பட்டால். ஓடாதீர்கள், கத்தியைக் கையில் எடுக்காதீர்கள். எங்கே இருக்கிறது என்று வாயால் சொல்லி, அவர்களே எடுக்க விடுங்கள். என்ன வேலைக்கு என்பதை உள்ளபடி சொல்லுங்கள். மூட்டையும் நாற்றும் வண்டியில் இருந்தால் அவையே சாட்சி. பெண்ணைச் சோதிப்பதென்றால் பெண் காவலர்தான் சோதிக்க வேண்டும். கைது என்றால் காரணத்தைச் சொல்ல வேண்டும், நீங்கள் சொல்லும் உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் தர வேண்டும், எடுத்த பொருளுக்கு ரசீது தர வேண்டும், 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும். சோதனையையும் பறிமுதலையும் வீடியோவில் பதிய வேண்டும் என்கிறது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 105. வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். அடி விழுந்திருந்தால் நடுவரிடமே சொல்லுங்கள், மருத்துவப் பரிசோதனை கேளுங்கள். மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கும், ஓராண்டுக்குள் மாநில மனித உரிமை ஆணையத்துக்கும் புகார் அனுப்பலாம்.

வக்கீல் வைக்கப் பணம் இல்லையே என்று யாரும் முடங்கிவிட வேண்டாம். காவலில் இருப்பவர் யாராக இருந்தாலும் இலவச சட்ட உதவி பெறத் தகுதி உடையவர்தான், வருமானம் எவ்வளவு என்ற கேள்வியே அங்கு வராது. சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் உதவி எண் 15100. கத்தி வைத்திருப்பவர் வீட்டில் இருக்கும் மற்றவர்களின் கைப்பேசியிலும் அந்த எண்ணை இன்றே பதிந்து வையுங்கள்.