சொல்லைவிட இடம் பெரிது

ஸ்கிராபிள் பலகையைப் பார்த்ததும் பலர் பின்வாங்கச் சொல்லும் காரணம், "எனக்கு அவ்வளவு இங்கிலீஷ் தெரியாதே" என்பதுதான். அந்தப் பயம் தேவையற்றது. இது சொல்வளப் பரீட்சை அல்ல. எண்ணிப் பார்த்து, இடமறிந்து காய் வைக்கும் ஆட்டம். பிறந்த விதமே அதற்குச் சாட்சி. 1930களின் பொருளாதார மந்தத்தில் வேலையிழந்த ஆல்ஃபிரட் பட்ஸ் என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர், செய்தித்தாளில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று கணக்கெடுத்தே எழுத்துக் காய்களை வகுத்தார். 100 காய்களில் 'இ' மட்டும் 12. அரிதாக வரும் 'க்யூ', 'இஸட்' ஒவ்வொன்றுதான். மதிப்போ தலா 10 புள்ளி. பெரும்பாலான பெயர்ச்சொற்களைப் பன்மையாக்கிவிடும் 'எஸ்' நான்கே.

பையிலிருந்து எடுத்த ஏழு காய்கள் கையில் இருக்கும். முதல் சொல் நடுக்கட்டத்தைத் தொட வேண்டும். பிறகு வைப்பதெல்லாம் பலகையில் இருப்பதோடு இணைய வேண்டும். ஒட்டி நிற்கும் எழுத்துகளும் சொல்லாக வேண்டும் என்ற விதியில்தான் சூட்சுமம். பலகையில் ஓர் 'ஐ' இருக்கிறது, அதற்கு நேர் மேலே எழுத்தின் புள்ளியை மும்மடங்காக்கும் கட்டம் காலி என்று வையுங்கள். அதில் 'க்யூ', அதன் வலப்பக்கம் இன்னொரு 'ஐ'. உயிராற்றலைக் குறிக்கும் 'qi' என்ற சீனச் சொல் குறுக்கிலும் நெடுக்கிலும் உருவாகி, தலா 31 வீதம் 62 புள்ளி தருகிறது. செலவான காய்கள் இரண்டே!

சொல்லே தெரியாமல் ஆட முடியுமா என்று கேட்கலாம். சொல் வேண்டும், ஆனால் மொழி வேண்டியதில்லை. நியூசிலாந்தின் நைஜல் ரிச்சர்ட்ஸ் பிரெஞ்சு பேசத் தெரியாமலே, சொற்பட்டியலை மனப்பாடம் செய்து 2015-இல் பிரெஞ்சு ஸ்கிராபிள் உலகப் பட்டத்தை வென்றார். அப்படியானால் வெறும் உருப்போடுதல்தானே என்றால், அவரிடம் தோற்ற பிரெஞ்சுக்காரர்களுக்கும் சொற்கள் தெரியாமலில்லை. பைக்குள் கைவிட்டு எடுப்பது அதிர்ஷ்டம் என்பது வலுவான மறுப்பு. ஓர் ஆட்டத்துக்கு அது உண்மையும்கூட. ஆனால் எதை எடுப்பது என்பதுதான் நம் கையில் இல்லை, எதை மிச்சம் வைப்பது என்பது இருக்கிறது. ஏழையும் ஒரே முறையில் வைத்தால் 50 புள்ளி கூடுதல் என்பதால், புள்ளியே இல்லாவிட்டாலும் எந்த எழுத்தாகவும் நிற்கும் வெற்றுக்காயைத் தேர்ந்த ஆட்டக்காரர் அவசரத்தில் செலவழிப்பதில்லை. பலகையில் விழுந்த ஒவ்வொரு காயையும் அவர் குறித்துக்கொண்டே வருவார். பை காலியாகும்போது, எதிராளி கையில் மறைந்திருக்கும் எழுத்துகள் அவருக்கு ஒவ்வொன்றாகத் தெரிந்திருக்கும்.